பப்பாளிக்கு வைரஸ் காப்பு: விதையிலா, தெளிப்பிலா?

சிங்கப்பூரில் யீஷூன் பக்கம் சமூகத் தோட்டத்தில் பப்பாளி வைத்திருக்கும் நண்பர்கள், இலை தேமலாகிக் காயில் வளையம் வளையமாக விழுந்ததும் (பப்பாளி வளையப்புள்ளி வைரஸின் அடையாளம்) கேட்கிறார்கள்: மரபணு மாற்றிய ரகமா, ஆர்.என்.ஏ. (மரபுச் செய்தி தாங்கும் மூலக்கூறு) தெளிப்பா?

இரண்டும் செடியின் சொந்தப் படையைத்தான் நம்புகின்றன. வைரஸ் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகும். டைசர் நொதி அதை 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும். ஆர்கோனாட் புரதம் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டும். வைரஸும் சும்மா இருக்காது: அதன் எச்.சி.-புரோ புரதம் அந்தத் துண்டுகளையே கவ்வி முடக்கும். ஆகவே தொற்றுக்கு முன்பே காப்பு தயாராக இருப்பதுதான் முக்கியம். ரகத்தில் வைரஸ் மரபணுவின் ஒரு துண்டு செடிக்குள்ளேயே இருந்து இதைச் செய்கிறது; தெளிப்பில் வைரஸுக்குப் பொருந்தும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை இலையில் அடிக்கிறோம்.

உழைப்பு: ரகத்தை நட்டால் போதும், தெளிப்பைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும்.

நீடிப்பு: ரகத்தில் மரத்தின் ஆயுள் வரை. தெளிப்பில் வெறும் ஆர்.என்.ஏ. சில நாளில் சிதையும். களிமண் நுண்தகட்டில் ஏற்றியபோது, 2017இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் புகையிலைச் செடியை 20 நாள் காத்தது.

வளைந்துகொடுத்தல்: இதில் தெளிப்பே மேல். 1998இல் ஹவாயில் வந்த ரெயின்போ பப்பாளி அங்குள்ள வைரஸை அருமையாகத் தடுத்தது. வேறு நாட்டு வகைகள் சிலவற்றிடம் தோற்றது. தெளிப்பிலோ ஆர்.என்.ஏ.வின் எழுத்து வரிசையைப் புதிய வகைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய பண்ணைக்கு, உள்ளூர் வைரஸுக்குப் பொருந்திய ரகம். வைரஸ் வகை மாறிக்கொண்டே இருக்கும் பயிருக்குத் தெளிப்பு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் அடியில் நாலு மரம் வைத்திருப்பவருக்கு இரண்டுமே வேண்டாம்: நோய் கண்ட மரம் தேறாது, அசுவினி பரப்புவதற்குள் வேரோடு எடுத்துவிடுங்கள்.