தெர்மாகோல் அமுக்கும் ஸ்க்ரூ மெஷின்: நம் ஊருக்குச் சரிப்படுமா?

தெர்மாகோல் என்றதும் பழைய பொருள் கடைக்காரர் கையை விரிப்பதற்குக் காரணம் அதன் எடைதான். சுமார் 98 சதவீதம் காற்று. ஒரு கன மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ. குட்டியானையில் கயிறு கட்டி உயர ஏற்றினாலும் நூறு கிலோவைத் தொடுவது கஷ்டம். டீசல் செலவுக்கே கட்டாது.

இந்தக் கணக்கை ஸ்க்ரூ மெஷின் அடியோடு மாற்றிவிடுகிறது. மேல் தொட்டியில் போடும் துண்டுகளைப் பற்கள் நொறுக்கும், கீழே சுழலும் ஸ்க்ரூ வாய்ப்பக்கம் தள்ளி இறுக்கும். உரசும் சூட்டிலேயே இளகி ஒட்டி, நீளக் கட்டையாக வெளியே வரும். கன மீட்டருக்கு 300 கிலோ அளவில் அடர்த்தி கிடைத்தாலே, முன்பு ஒரு வண்டி பிடித்த சரக்கு ஒரு மூலையில் அடங்கிவிடும். உருக்கிப் பாகாக்கும் மெஷின் இதைவிட அடர்த்தி தரும்தான். ஆனால் உருகும்போது எழும், உடம்புக்குக் கெடுதலான ஸ்டைரீன் புகையை வெளியேற்றத் தனி ஏற்பாடு வேண்டும். வீடுகள் நெருங்கிய தெருவில் அதை வைக்கவே கூடாது.

சூட்சுமம் எல்லாம் கட்டை வெளியேறும் வாய்ப்பக்கத்தில் அதைப் பிடித்து இறுக்கும் தாடையில்தான். தளர்வாக இருந்தால் கட்டை அடுக்கும்போதே பொலபொலவென உதிரும். அதிகம் முறுக்கினால் மேல்பக்கம் மஞ்சளாகி உருகும், மோட்டார் திணறி நிற்கும். ஓட்டத் தொடங்கும்போது இறுக்கி வைத்து, முதல் கட்டை உருவான பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

புதுச்சேரிக் கடைகளில் சேரும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பேக்கிங் இதற்கு அருமையான சரக்கு. டேப்பையும் லேபிளையும் உரித்தால் போதும். கூடவே வரும் மெத்தென்ற பாலிஎத்திலீன் ஃபோமைக் கட்டாயம் பிரித்துவிடுங்கள். வளைத்துப் பார்த்தால் தெரியும்: தெர்மாகோல் சட்டென ஒடிந்து மணிமணியாகத் தெரியும், மற்றது வளைந்து நிமிரும். அது கலந்தால் பற்களில் சுற்றிக்கொள்ளும், கட்டையும் பிளக்கும்.

கடலூர் துறைமுகம், புதுச்சேரியின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம் பக்கம் கிடைக்கும் மீன் பெட்டிகள்தான் பெரிய சோதனை. ரத்தமும் செதிலும் போக நல்ல தண்ணீரில் கழுவி, உடைத்து, வெயிலில் காயவைத்த பிறகே போட வேண்டும். ஈரம் இருந்தால் உரசல் சூடு ஏறாது, துகள் ஒட்டாது. உப்புத் தண்ணீர் ஸ்க்ரூவைத் துரு பிடிக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை போட்ட காற்றோட்டமான இடம் இல்லாதவர்கள் மீன் பெட்டி வேலையைத் தொடவே வேண்டாம்.

ஒரே கடைக்காக இந்த மெஷினை வாங்குவது வீண். பத்துப் பதினைந்து கடைகள் சேர்ந்து ஒரே இடத்தில் கொட்டினால்தான் ஓடும். சுத்தமான வெள்ளைக் கட்டைக்கு நல்ல விலை உண்டு. குருணையாக்கி போட்டோ ஃபிரேம் சட்டம் வரை செய்கிறார்கள். அழுக்குக் கட்டையைத் தனியாக அடுக்குங்கள். குவியலுக்குப் பக்கத்தில் வெல்டிங், பீடி எதுவும் ஆகாது. தெர்மாகோல் பற்றினால் கரும்புகையோடு மளமளவென எரியும்.