சோனி ஏ7 மார்க் 4: மூன்று வகை ரா கோப்புகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

சோனி ஏ7 மார்க் 4 கேமராவின் மெனுவில் ரா கோப்பின், அதாவது சென்சார் பதிந்த தகவலை ஜேபெக் படமாக மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பின், வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. சுருக்கப்படாதது, இழப்பின்றிச் சுருக்கப்பட்டது, வெறுமனே சுருக்கப்பட்டது என்று மூன்று வகைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. எதைத் தேர்ந்தெடுத்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதை அந்தப் பெயர்களை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இந்த 33 மெகாபிக்சல் கேமராவின் ஃபோகஸ் திறனைப் பற்றியும் வண்ணங்களைப் பற்றியும் பலர் விரிவாக எழுதிவிட்டார்கள். திருமணங்களையும் ஏரிப் பறவைகளையும் இரண்டு ஆண்டுகளாக இதே கேமராவில் எடுத்து வருபவன் என்ற முறையில், அந்த ஒரு மெனுவைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். படம் எடுத்த பிறகு ஒயிட் பேலன்ஸை மாற்றலாம், வெளிச்சத்தை ஏற்றலாம், இறக்கலாம். ஆனால் ரா கோப்பில் பதியாமல் போன தகவலை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே இது படம் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

சுருக்கப்பட்ட ரா என்றதுமே பலருக்கு எழும் அச்சத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2013இல் வந்த முதல் ஏ7, ஏ7ஆர் கேமராக்களில் வேறு தேர்வே கிடையாது. ரா என்றால் சுருக்கப்பட்ட ராதான். அந்தக் கோப்புகளைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், கடும் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்புகளில் சிதைவுகள் இருப்பதைப் படங்களோடு எடுத்துக்காட்டினார்கள். பயனாளர்களின் கோரிக்கை வலுத்த பிறகு, 2015இன் பிற்பகுதியில் ஏ7எஸ் மார்க் 2 சுருக்கப்படாத ரா வசதியோடு வந்தது. ஏ7ஆர் மார்க் 2, ஏ7 மார்க் 2 ஆகிய இரண்டுக்கும் ஃபர்ம்வேர், அதாவது கேமராவின் உள்மென்பொருள், புதுப்பிப்பு வழியாக அதே வசதி கிடைத்தது. ஆனால் கோப்பின் அளவு ஒரேயடியாக இரண்டு மடங்கானது. இழப்பில்லாத சுருக்கம் சோனியில் வருவதற்கு 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஆல்பா 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிக்கான் அதை 2007ஆம் ஆண்டின் டி3, டி300 கேமராக்களிலேயே தந்திருந்தது என்பதையும், கேனானின் சிஆர்2 என்ற ரா கோப்புகள் தொடக்கத்திலிருந்தே இழப்பின்றிச் சுருக்கப்பட்டவை என்பதையும் நினைக்கும்போது, இந்தத் தாமதம் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

சோனியின் சுருக்கப்பட்ட வகை எப்படி இயங்குகிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால்தான், எங்கே அஞ்ச வேண்டும், எங்கே அஞ்ச வேண்டியதில்லை என்பது விளங்கும். சுருக்கம் இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டத்தில், சென்சார் தரும் 14 பிட் மதிப்புகள், அதாவது 16,384 படிநிலைகள், ஒரு வளைகோட்டின் வழியே 11 பிட்டுக்கு, அதாவது 2,048 படிநிலைகளுக்குக் குறைக்கப்படுகின்றன. நிழல் பகுதியில் படிநிலைகள் நெருக்கமாகவே இருக்கின்றன. வெளிச்சம் கூடக்கூட அவற்றின் இடைவெளி அகலமாகிறது. எட்டில் ஏழு பங்கைத் தூக்கி எறிகிறார்களே என்று தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் இழப்பு இதில் இல்லை என்றே சொல்வேன், அதற்குக் காரணம் ஒளியின் இயல்பு. ஒளித்துகள்கள் மழைத்துளிகளைப் போல ஒழுங்கில்லாமல் வந்து விழுகின்றன; அவை சென்சாரில் எலெக்ட்ரான்களாக மாறி எண்ணப்படுகின்றன. ஒரு பிக்சலில் 40,000 எலெக்ட்ரான்கள் சேர்ந்தால், அந்த எண்ணிக்கையில் இயல்பாகவே இருக்கும் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 200. ஒரு படிநிலை ஏறத்தாழ 3 எலெக்ட்ரான்களுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், இந்த இரைச்சல் ஒன்றே அறுபதுக்கும் மேற்பட்ட படிநிலைகளை விழுங்கிவிடும். அந்த உயரத்தில் பத்துப் பதினாறு படிநிலைகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டாலும் படத்துக்குத் தெரியாது. நெல் மூட்டையை நிறுக்கும் தராசுக்கு மில்லிகிராம் கணக்கு எதற்கு? நிக்கான் 2004இல் வெளியிட்ட டி70 கேமரா 12 பிட்டின் 4,096 படிநிலைகளை 683ஆகக் குறைத்துப் பதிந்ததும் இதே தத்துவத்தில்தான்.

சிக்கல் இரண்டாம் கட்டத்தில் தொடங்குகிறது. ஒரு வரிசையில் அடுத்தடுத்து வரும் ஒரே நிறத்துப் பிக்சல்கள் பதினாறை ஒரு கட்டாகக் கட்டி, அந்தக் கட்டு முழுவதையும் 16 பைட்டுக்குள் அடைக்கிறார்கள். கட்டில் உள்ள மிகப்பெரிய மதிப்பும் மிகச்சிறிய மதிப்பும் ஆளுக்கு 11 பிட்டில் பதிகின்றன. அவை இருக்கும் இடங்களைக் குறிக்க நான்கு நான்கு பிட்டுகள் போகின்றன. எஞ்சிய பதினான்கு பிக்சல்களுக்கும் தலா 7 பிட்டுகள்தான் மிஞ்சுகின்றன. ஏழு பிட்டில் 128 அளவுகளை மட்டுமே குறிக்க முடியும். கட்டுக்குள் இருக்கும் பிக்சல்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் இருந்தால் இது தாராளமாகப் போதும். வானம், முகம், சுவர், புடவையின் மடிப்பு எல்லாமே அப்படிப்பட்டவை. ஆனால் ஒரே கட்டுக்குள் எரியும் விளக்கும் கருத்த வானமும் அகப்பட்டுக்கொண்டால், அந்தப் பெரிய இடைவெளி முழுவதையும் 128 பங்குகளாகப் பிரிக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பங்கும் பதினாறு மடங்கு வரை பருத்துவிடுகிறது. விளக்கின் பக்கத்தில் அந்தப் பருமன் இரைச்சலில் மறையும். இருட்டின் பக்கத்தில் மறைய இடமில்லை. அங்கிருந்த நுண்ணிய வேறுபாடுகள் தட்டையாகி, நிழலைத் தூக்கும்போது, அதாவது இருண்ட பகுதியைக் கணினியில் வெளிச்சமாக்கும்போது, விளிம்பை ஒட்டிக் குறுக்குக் கோடுகளாகவும் திட்டுகளாகவும் எழுந்து வருகின்றன. ஒரே நிறத்துப் பிக்சல்கள் ஒன்று விட்டு ஒன்று அமைந்திருப்பதால், இந்தத் திட்டுகள் 32 பிக்சல் நீளத்துக்கு நீளக்கூடும். நட்சத்திரத் தடங்களை எடுப்பவர்களும், இரவு நகரத்தை எடுத்து நிழலை நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சத்தை இரு மடங்காக்குவது) தூக்குபவர்களும் இதைக் குறித்துப் பேசியதில் மிகை ஒன்றும் இல்லை.

முக்காலியில் கேமராவைப் பூட்டி, மூன்று வகையிலும் ஒரே காட்சியை மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் ஒரு வராந்தா, ஜன்னலோரம் அமர்ந்த ஒருவரின் முகம், மாலையில் மரநிழல். நிழலை மூன்று ஸ்டாப் தூக்கி, இருநூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, எந்தக் கோப்பு எது என்று தெரியாதபடி வைத்துப் பார்த்தபோது என்னால் பிரித்தறிய முடியவில்லை. சுருக்கப்படாததற்கும் இழப்பின்றிச் சுருக்கியதற்கும் இடையே வேறுபாடு தேடுவதே வீண். பிரித்து விரிக்கும்போது ஒவ்வொரு பிக்சலும் பதிந்தபடியே திரும்பி வருவதைத்தான் இழப்பின்மை என்கிறோம். ஆகவே இந்தக் கேமராவில் சுருக்கப்படாத வகையைத் தேர்ந்தெடுக்கப் படத்தரம் என்ற காரணம் இல்லை. பழைய மென்பொருள் ஒன்று இழப்பில்லாத கோப்பைத் திறக்க மறுத்தால் மட்டும் அதை நாடலாம்.

இட அளவுக்கு வருவோம். சுருக்கப்படாத கோப்பு ஒவ்வொன்றும் சுமார் 70 மெகாபைட். சுருக்கப்பட்ட வகை பிக்சலுக்கு ஒரு பைட் என்ற கணக்கில், காட்சி எதுவானாலும் 35 மெகாபைட்டை ஒட்டியே நிற்கும். இழப்பில்லாத வகை காட்சிக்கேற்ப மாறும். குறைந்த ஐஎஸ்ஓவில் (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவு) என் படங்கள் பெரும்பாலும் 40 மெகாபைட்டைச் சுற்றியே வருகின்றன. ஐஎஸ்ஓவை ஏற்ற ஏற்ற அது பெருக்கும், ஏனென்றால் இரைச்சலைச் சுருக்க எந்த வழியும் கிடையாது. ஒரு திருமணத்துக்கு 3,000 படங்கள் என்று வைத்தால், முதல் வகைக்கு 210 ஜிபி, இழப்பில்லாத வகைக்கு 120 ஜிபி, சுருக்கப்பட்ட வகைக்கு 105 ஜிபி. கடைசி இரண்டுக்கும் இடையே இருப்பது வெறும் 15 ஜிபி. அந்த 15 ஜிபிக்காக, முகூர்த்த நேரத்தில் மணமேடையின் சரவிளக்குகளுக்குப் பின்னால் இருக்கும் இருட்டைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் சுருக்கப்பட்ட வகை எதற்கு? வேகத்துக்கு. இந்தக் கேமராவின் விநாடிக்கு 10 படங்கள் என்ற வேகம் அந்த வகையில் மட்டுமே கிடைக்கும். மற்ற இரண்டிலும் அது சுமார் 6ஆகக் குறைகிறது. ஆல்பா 1இலும் இதே நிலைதான், அங்கே 30 என்பது 20ஆகிறது. மீன்கொத்தி நீரில் பாயும் அந்த அரை விநாடியில் மூன்று படங்களா ஐந்து படங்களா என்பது பெரிய வேறுபாடு. அலகு நீரைத் தொடும் கணம் கோப்பில் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. விளிம்பில் ஒரு திட்டு இருக்கிறதா என்பது அல்ல. எனவே பறவைகளுக்குச் சுருக்கப்பட்ட வகையைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். வெயிலில் நிற்கும் வெண்கொக்கும் பின்னால் கருத்த நீரும் என்றால் மட்டும் எச்சரிக்கை தேவை: அந்த நீரின் நிழலைப் பின்னர் அதிகம் தூக்குவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்கிறேன். முந்தைய ஏ7 மார்க் 3 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் சுருக்கப்பட்ட வகையில் தொடர்ச்சியாகப் படமெடுத்தால் 14 பிட் 12 பிட்டாகக் குறைகிறது என்று சோனியின் கையேடே சொல்கிறது.

இழப்பு என்ற ஒரே சொல்லால் எல்லா நிறுவனங்களின் சுருக்கத்தையும் அளக்கக் கூடாது. 2018இல் இஓஎஸ் எம்50 கேமராவோடு கேனான் அறிமுகப்படுத்திய சி-ரா, பதினாறு பிக்சல் கட்டு முறையைப் பின்பற்றுவதில்லை. அதனால் வரும் இழப்பை ஆழ்ந்த நிழலைப் பலமாகத் தூக்கும்போது கூடும் வண்ண இரைச்சலில்தான் காண முடியும். நிக்கான் இசட்9இல் 2021இல் வந்த உயர் செயல்திறன் ரா, இன்டோபிக்ஸ் நிறுவனத்தின் டிக்கோரா தொழில்நுட்பத்தைக் கொண்டது. படத்தரத்தில் அதைக் குறை சொல்வது கடினம், ஆனால் டார்க்டேபிள் போன்ற திறந்தமூல மென்பொருள்கள் அதைப் படிக்க முடியாமல் பல காலம் தவித்தன. இருபது ஆண்டுகள் கழித்தும் திறக்க வேண்டிய குடும்பப் படங்களை எடுப்பவர்களுக்கு இது சிறிய விஷயமன்று.

ஏ7 மார்க் 2 போன்ற பழைய கேமராக்களில் இழப்பில்லாத வகை இல்லையே என்று வருந்துவோருக்கு ஒரு வழி இருக்கிறது. சுருக்கப்படாத ராவில் எடுத்து, கணினியில் ரா கோப்புகளை டிஎன்ஜி என்ற பொது ரா வடிவத்துக்கு மாற்றும் அடோபியின் இலவச மாற்றியின் வழியே அனுப்பினால், இழப்பு ஏதுமின்றிக் கோப்பு கணிசமாகச் சுருங்கும். இழப்போடு சுருக்கும் தேர்வு மட்டும் அதில் குறியிடப்படாமல் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கேமராவின் மெமரி கார்டு வேகமாக நிரம்பும் என்பது உண்மைதான். வீட்டிலுள்ள வன்வட்டு நிரம்பாது.

ஏ7 மார்க் 4 வைத்திருப்பவர்கள் ரா கோப்பு வகையை, அடிக்கடி தேவைப்படுபவற்றை நாமே தொகுத்துக்கொள்ளும் மை மெனுவின் முதல் வரியில் சேர்த்துவிடலாம். என் கேமரா எப்போதும் இழப்பில்லாத வகையில்தான் நிற்கிறது. ஏரிக்கரையில் இறங்கும்போது அந்த வரியை மாற்றுகிறேன். வண்டியில் ஏறும் முன் திரும்ப மாற்றிவிடுகிறேன்.