முரசு நோய்க்கு ஒளிக் கருவி: கல்லடியிலிருந்து ஒரு மதிப்பீடு

பல் துலக்கும்போது இரத்தம் வந்தால் "பிரஷ் பட்டிருக்கும்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது முரசு (ஈறு) வீங்கியிருப்பதன் அடையாளம். என் அம்மாவுக்குச் சீனி வருத்தம். வெற்றிலையும் போடுவார். முரசு கரையத் தொடங்கியிருந்தது. சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும் என்று டொக்டர் சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனை. நோர்வேயில் இருக்கும் அக்கா லீவில் வந்தபோது வாய்க்குள் வைத்து ஒளி பாய்ச்சும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். இப்போது நானும் அம்மாவும் பாவிக்கிறோம். கடிக்கும் பகுதி ஆளுக்கு ஒன்று வேண்டும், அதை மாற்றிப் பாவிக்கக்கூடாது.

செய்முறை சுலபம். கருவியோடு பாவிக்கும் குளிசை ஒன்றைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்தால் கடும் பச்சையாக வரும். அதை வாயில் வைத்து ஒரு நிமிடம் நன்றாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அப்புறம் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்து மூடுகிற மெத்தென்ற பகுதியைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் இருக்க வேண்டும். எச்சில் வழியும், மடியில் ஒரு துவாய் கட்டாயம். அம்மா வயதுக்காரருக்கு அவ்வளவு நேரம் கடித்திருப்பது தாடைக்கு நோவு. முடிந்ததும் வழக்கம்போல பல் துலக்கிவிடலாம். துப்பிய பச்சைத் தண்ணீரை உடனே கழுவிவிடுங்கள், வெள்ளை பேசினில் கறை பிடிக்கிறது.

வேலையைச் செய்வது வெளிச்சம் மட்டுமல்ல. அந்தப் பச்சை மருந்தின் பெயர் இந்தோசயனின் கிரீன். அமெரிக்காவில் 1959இல் அனுமதி பெற்ற பழைய சாயம், கண் டொக்டர்கள் விழித்திரைக்குப் பின்னால் உள்ள இரத்தக் குழாய்களைப் பார்க்க ஊசியில் ஏற்றுவதும் இதுதான். கொப்பளிக்கும்போது பல்லில் படிந்திருக்கும் கிருமிப் படலத்தில் இது ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத 810 நானோமீற்றர் அலைநீள ஒளி பட்டதும் சாயம் தூண்டப்பட்டு, பக்கத்தில் இருக்கும் ஒட்சிசனைக் கடுமையான வடிவத்துக்கு மாற்றும். அது கிருமியின் சுவரையே தாக்குகிறது. கூடவே வரும் 405 நானோமீற்றர் நீல ஒளியைச் சில முரசுக் கிருமிகள் தங்களுக்குள் இருக்கும் போர்பிரின் என்ற பொருளால் தாங்களே உறிஞ்சிச் சாகின்றன. அன்டிபயோட்டிக்போல ஒரே இடத்தைக் குறிவைக்காததால் கிருமிகள் இதற்குப் பழகிப்போவது கஷ்டம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தை நீண்ட நாள் எடுத்தால் பல்லில் மண்ணிறக் கறை விழும், நாக்கின் ருசியும் மாறும். இதில் அப்படி ஒன்றையும் நான் காணவில்லை.

ஒன்லைனில் மலிவாக விற்கும் நீல வெளிச்சக் கருவிகளைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவற்றில் பல, பல்லை வெள்ளையாக்க ஜெல்லோடு பாவிப்பவை. சாயம் இல்லாமல் அதே வேலையை அவை செய்யா.

பல்லில் கல்லாக இறுகிய காவியை இந்தக் கருவியாலும் எடுக்க முடியாது. அதற்குப் பல் டொக்டர் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் ஒன்றே வழி. அம்மாவுக்கு முதலில் அதைச் செய்துவிட்டுத்தான் தொடங்கினோம். முரசுக்கும் பல்லுக்கும் இடையில் நாலு மில்லிமீற்றர், அதற்கு மேல் பள்ளம் விழுந்தவர்களுக்கு வெளியிலிருந்து படும் ஒளி அடிவரை போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம். ஐரோப்பிய முரசு மருத்துவக் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், முற்றிய முரசு நோய்க்கான ஸ்கேலிங்கோடு இந்த வகை ஒளிச் சிகிச்சையைச் சேர்க்க வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. ஆகவே நோய் வந்தவர் டொக்டரிடம்தான் போக வேண்டும். வராமல் காக்க நினைப்பவர் மட்டும் இதை யோசிக்கலாம்.

எங்கள் வீட்டில் பலன் இருக்கிறது. எனக்கு இரத்தம் வருவது நின்றுவிட்டது, அம்மாவின் முரசில் சிவப்பு குறைந்திருக்கிறது, வாய் மணமும் போய்விட்டது. ஆனால் அம்மா புகையிலையை விட்டதும், நான் பல்லிடுக்குப் பிரஷ் தொடங்கியதும் அதே காலத்தில்தான். முழுப் பெருமையையும் கருவிக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரவில் ஒழுங்காகத் துலக்காத ஒருவருக்கு இதை வாங்கிக் கொடுப்பது காசைக் கடலில் போடுவதுதான்.

அயடின் ஒவ்வாமை இருப்பவர்கள் இந்தச் சாயத்தைத் தொடவே கூடாது, அதில் அயடைட்டு இருக்கிறது. ஒளி பட்டால் தோல் எரியும் மருந்து எடுப்பவர்களும் டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கருவி ஒரு தடவைச் செலவு, குளிசையோ தீரத் தீர வேண்டும். எங்களுக்கு அக்கா அனுப்புகிறார். வெளிநாட்டில் ஆள் இல்லாதவர்கள் முதலில் குளிசைக்கு வழி பார்த்துவிட்டுக் கருவிக்குக் காசு கொடுங்கள்.