எஃப்1 அணியைக் காப்பாற்றுவது எது: ரசிகர் பணமா, செலவு வரம்பா?

2014 அக்டோபரில், ஃபார்முலா 1 (எஃப்1) கார் பந்தயத்தில் ஓடிய கேட்டர்ஹாம் அணி கடனில் மூழ்கி திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அமெரிக்கா, பிரேசில் பந்தயங்களுக்குக் கார்கள் கிளம்பவே இல்லை. கடைசிப் பந்தயமான அபுதாபிக்காவது போய்ச் சேர வேண்டும் என்று, கிரவுட்கியூப் என்ற இணைய நிதி திரட்டும் தளத்தில் ரசிகர்கள் முன் உண்டியலை நீட்டினார்கள். இலக்கு 23.5 லட்சம் பவுண்ட். அதில் சுமார் 80 சதவீதம் சேர, அணி அபுதாபி போய்விட்டது. அணியின் ஓட்டுநர் கோபயாஷியின் கார் பாதியில் நின்றது. முதன்முறையாக எஃப்1 ஓட்டிய வில் ஸ்டீவன்ஸ் 17ஆவதாக வந்தார். அதற்குப் பின்னால் யாரும் இல்லை. அடுத்த ஆண்டு அணியே இல்லை. தட்டுமுட்டுச் சாமான் வரை ஏலத்துக்குப் போனது.

பணம் போட்டவர்களுக்குப் பங்கு எதுவும் கிடைக்கவில்லை, நினைவுப் பொருள்தான். நம் ஊரில் மொய் எழுதினால்கூட ஒருநாள் திரும்பி வரும். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆலைத் தொழிலாளிகளுக்கு உலகத்தின் முன் ஒருமுறை திறமையைக் காட்ட வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் அந்தப் பணம் வாங்கியது ஒரே ஒரு வார இறுதி. அதே ஆண்டு டேவிட் பிராபம் தன் தந்தையின் பெயரிலான அணியை மீட்க இணையத்தில் நிதி திரட்டினார். திட்டமிட்ட உலக எண்டியூரன்ஸ் (நெடுநேரப் பந்தயம்) தொடரில் அந்த அணி ஓடவே இல்லை.

சரி, நன்கொடைக்குப் பதில் பங்கு வாங்கினால்? வில்லியம்ஸ் அணி 2011 மார்ச்சில் பிராங்ஃபர்ட் சந்தைக்கு வந்தது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் பெரும்பான்மை ஃபிராங்க் வில்லியம்ஸ் கையில் இருந்ததால் முடிவும் அவர்கள் குடும்பத்துடையதுதான். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் டோரில்டன் கேபிட்டலுக்கு அணி விற்கப்பட்டது. ஒட்டுமொத்த எஃப்1 நிறுவனத்திலேயே பங்கு வாங்கலாம் என்றால், அதன் உரிமையாளரான லிபர்ட்டி மீடியாவின் எஃப்1 பங்கு அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இருக்கிறது. அதில் பரவலாகக் கைமாறும் சி வகைப் பங்குக்கு வாக்குரிமை கிடையாது. முதலீடாக நல்லதாக இருக்கலாம், உரிமையாக இல்லை. சில அணிகள் விற்ற ரசிகர் டோக்கன்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சின்னச் சின்ன விஷயங்களுக்கு ஓட்டுப் போட விடுவார்கள், அவ்வளவுதான்.

இப்போது எதிர்த்தரப்பு. பணத்தைக் கூட்டுவதற்குப் பதில் செலவைக் குறைப்பது. 2009இல் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் தலைவர் மாக்ஸ் மோஸ்லி ஆண்டுக்கு 4 கோடி பவுண்ட் வரம்பு கொண்டுவரப் பார்த்தார். அதை நம்பித்தான் புதிய அணிகள் விண்ணப்பித்தன. பெரிய அணிகள் தனித்தொடர் தொடங்குவோம் என்று மிரட்ட, வரம்பு கைவிடப்பட்டது. மூன்று புதிய அணிகள் மட்டும் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று, பின்னாளில் கேட்டர்ஹாம் ஆன லோட்டஸ், இன்னொன்று எச்ஆர்டி. 2010 பஹ்ரைனில் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் எச்ஆர்டி காரை முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். அதற்குமுன் காரை முழுதாகப் பூட்டி முடித்திருக்கவில்லை. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2011, 2012 இரண்டு ஆண்டுமே மெல்போர்னில் 107 சதவீத விதியில் (வேகமான காரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும்) தகுதி இழந்தார். எச்ஆர்டி 2012 முடிவில் காணாமல் போனது.

மூன்றில் மிச்சமிருந்த மேனர் (முன்பு மருசியா) எப்படி விழுந்தது என்பதைப் பார்த்தால் பரிசுப் பணப் பங்கீடு எவ்வளவு கொடூரமாக இருந்தது என்று புரியும். 2016இல் மேனரிடம் ஒரு புள்ளி. பத்தாவது இடம், பணம் உறுதி. பிரேசிலில் கொட்டும் மழையில் சாபர் அணியின் ஃபெலிப்பே நாசர் ஒன்பதாவதாக வந்து இரண்டு புள்ளி எடுத்தார். மேனர் பதினொன்றுக்குச் சரிந்தது. 2017 ஜனவரியில் மூடிவிட்டார்கள்.

கடைசியில் வரம்பு 2021இல்தான் வந்தது: 14.5 கோடி டாலர். ஓட்டுநர் சம்பளம், மேல்மட்ட மூவரின் சம்பளம், விளம்பரச் செலவு ஆகியவை கணக்கில் சேராது. அதோடு பரிசுப் பங்கீடும் ஓரளவு சமமாக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே ரெட் புல் அணி வரம்பை 18.64 லட்சம் பவுண்ட் அளவுக்குத் தாண்டியது. கேட்டர்ஹாமுக்காக ரசிகர்கள் சேர்த்ததும் ஏறக்குறைய அதே தொகைதான்! ஓர் அணிக்கு உயிர்ப்பிச்சையாக இருந்தது, இன்னோர் அணிக்குக் கணக்கில் வந்த பிசகு. தண்டனை 70 லட்சம் டாலர் அபராதமும், காற்றியக்கச் சோதனையில் 10 சதவீத வெட்டும்.

குறைகள் இருந்தாலும் செலவு வரம்புதான் வேலை செய்தது. வரம்பு வந்த பிறகு எந்த அணியும் இழுத்து மூடப்படவில்லை. ஆனால் இதில் ஒரு வேடிக்கை. 2008 டிசம்பரில் ஹோண்டா விலக, இங்கிலாந்தின் பிராக்லியில் இருந்த அதன் அணியை 2009இல் ராஸ் பிரான் ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அதே அணிதான் இன்றைய மெர்சிடஸ். 2025 நவம்பரில் அதன் ஒரு சிறு பங்கு கைமாறியபோது மொத்த அணிக்குப் போட்ட மதிப்பு சுமார் 600 கோடி டாலர். செலவுக்கு எல்லை தெரிந்ததும் முதலீட்டாளர்கள் வரிசையில் நின்றார்கள், விலை ஏறியது. அணிகளைக் காப்பாற்றிய அதே சீர்திருத்தம் ரசிகர்கள் வாங்கும் வாசலையும் அடைத்துவிட்டது.

ரசிகர் உரிமை எங்குமே நிலைக்காது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். லாபப் பங்கு கிடையாது, சந்தையில் விற்கவும் முடியாது. ஒரு சின்ன ஊரின் அணி பெரு நகரங்களோடு மோதி நிற்கக் காரணம் ரசிகர் பாசம் மட்டுமில்லை. தொலைக்காட்சிப் பணத்தை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கும் லீக், 1994 முதல் வீரர் சம்பள வரம்பு, இரண்டும் அடியில் இருக்கின்றன. எஃப்1இல் அந்த அடித்தளம் வருவதற்கு முன்பே ரசிகர்களிடம் உண்டியல் நீட்டப்பட்டது.

அதனால் இன்று ரசிகர் அமைப்புகள் நிதி திரட்டக் கிளம்புவதைவிட எஃப்ஐஏவிடம் போய் நிற்பது மேல். வரம்புக்குள் எந்தெந்த அணி இருந்தது என்றுதான் அங்கே அறிவிக்கிறார்கள். எந்த அணி எவ்வளவு செலவழித்தது என்ற தொகை வெளியே வருவதில்லை. ரெட் புல்லின் 2021 கணக்குக்குத் தீர்ப்பு வந்தது 2022 அக்டோபர் கடைசியில். அதற்குள் அடுத்த பட்டமும் வென்றாயிற்று. தொகையை வெளியிடு, அடுத்த சீசன் பாதி தாண்டுவதற்குள் தீர்ப்புச் சொல் என்று கேட்க யாரும் ஒரு பவுண்ட்கூடச் சேர்க்க வேண்டாம்.