அழிந்த எடைச் சீட்டுகளை மீட்பது: போஸ்ட்கிரெஸ், நான்கு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைக் குலை வாங்கும் நிலையம். லாரி எடைமேடையை விட்டு இறங்கியதும் எடைச் சீட்டு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் பதிவாகிவிடும். இரவு எடுக்கும் டம்ப் (அந்நேரத் தரவின் நகல்) மட்டும் இருந்தால், பத்தரைக்கு யாரோ ‘வேர்’ (எந்த வரிகள் என்ற நிபந்தனை) இல்லாமல் டெலிட் ஓட்டியதும் அன்று காலை வந்த லாரியெல்லாம் போச்சு. அழிவதற்கு முந்தின நொடிக்கே திரும்ப, பிஜி_பேஸ்பேக்கப்பில் எடுத்த முழு பேக்கப்போடு (டம்ப் இதற்கு உதவாது) அதன் பிறகு சேர்ந்த வால் (WAL) கோப்புகளும், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்து வைக்கும் பதிவுகளும், வேண்டும்.

ஒரு வால் கோப்பு 16 எம்பி. ஆர்க்கைவ் டைம்அவுட், அதாவது கோப்பு நிறையாவிட்டாலும் சேமிப்புக்கு அனுப்பிவிடும் கெடு, 300 நொடி என்றால், எடைமேடை ஓடும் பத்து மணி நேரத்தில் குறைந்த வேலைக்கும் 120 கோப்பு, ஏறக்குறைய 1.9 ஜிபி. பாதிக்கு மேல் வெற்றிடம்தான், ஜிசிப் போட்டால் நன்றாகச் சுருங்கும்.

ஏமாற்றுவது, வால் கோப்பை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை. இடி இடித்து கரண்ட் போய் வந்தபின் வெளி டிஸ்க் மவுண்ட் ஆகாமல் கிடக்கும். அதே பெயரில் உள்ள வெறும் ஃபோல்டருக்குள், சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே நகல் விழும். போஸ்ட்கிரெஸுக்கு அதுவும் வெற்றிதான். வெளி டிஸ்க்கில் ஓர் அடையாளக் கோப்பை வையுங்கள். அது இருந்தால் மட்டும் நகலெடுக்கும்படி கட்டளையை எழுதுங்கள். அப்போது டிஸ்க் மவுண்ட் ஆகாவிட்டால் நகலெடுப்பது தவறும், பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர் என்ற நிலவரப் பட்டியலில் தோல்வி எண்ணிக்கை ஏறும். அதைத் தினமும் பாருங்கள்; கவனிக்காமல் விட்டால் வால் கோப்புகள் குவிந்து டிஸ்க் நிறைந்து சர்வரே நின்றுவிடும்.

அழிந்தது தெரிந்ததும் முதல் வேலை பிஜி_ஸ்விட்ச்_வால்: கையிலிருக்கும் கடைசிக் கோப்பும் ஆர்க்கைவுக்குப் போய்விடும். ஓடும் தரவுத்தளத்தின் மேல் எதையும் மீட்காதீர்கள், எடைமேடையில் லாரி வந்துகொண்டுதான் இருக்கும். தனி ஃபோல்டரில் பேக்கப்பை விரித்து, 5433 போர்ட், ஆர்க்கைவ் மோடு ஆஃப், ரெக்கவரி.சிக்னல் என்ற வெற்றுக் கோப்பு (12ஆம் பதிப்பிலிருந்து), ரெஸ்டோர் கமாண்ட் (ஆர்க்கைவிலிருந்து வால் கோப்பை எடுத்துத் தரும் கட்டளை), இலக்கு நேரம் (எந்த நொடி வரை மீட்க வேண்டும்) ஆகியவற்றை அமைத்துத் தொடங்குங்கள்.

நேரத்தில்தான் பலர் வழுக்குவார்கள். கிராணி (எழுத்தர்) சொல்வது மலேசிய நேரம். சர்வர் அதைவிட எட்டு மணி நேரம் பின்தங்கிய யுடிசியில் இருக்கலாம். 10:29:00 என்று மொட்டையாக எழுதினால் அது நம் ஊரில் மாலை 6:29. ஆர்க்கைவ் அதுவரை எட்டாததால் 13ஆம் பதிப்பிலிருந்து பிழை சொல்லி நிற்கும். அதற்கு முந்தின பதிப்புகளோ, டெலிட்டையும் சேர்த்து ஓட்டி, ஒன்றும் நடக்காதது போல் திறந்துகொள்ளும். 10:29:00+08 என்றே எழுதுங்கள். நேரம் உறுதியில்லையா? வால் கோப்பைப் படித்துக் காட்டும் பிஜி_வால்டம்ப்பில் வரிசையாக டெலிட் வரும் இடத்தைத் தேடி, அதன் கமிட் வரியில் நேரத்தைப் பாருங்கள்.

இலக்கை எட்டியதும் மீட்பு நகல் வாசிக்க மட்டும் விட்டு நிற்கும். சீட்டுகளை எண்ணுங்கள். குறைந்தால் இலக்கைத் தள்ளி வைத்துத் தொடரலாம். தாண்டிவிட்டால் பேக்கப்பிலிருந்து மறுபடி முதலில் இருந்துதான்.

அழிந்த வரிகளை மட்டும் எடுத்து, சீட்டு எண் ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடும்படி அசல் அட்டவணையில் சேர்க்க வேண்டும். அதற்கு முன், சேர்க்கும் செஷனில் (இணைப்பில்) மட்டும் ட்ரிகரை, அதாவது வரி சேரும்போது தானாக ஓடும் நிரலை, நிறுத்துங்கள். விலையை ட்ரிகர் போடும் அமைப்பாக இருந்தால், நேற்றைய குலைக்கு இன்றைய விலை ஏறிவிடும். எடை சரியாக இருப்பதால் யார் கண்ணிலும் படாது. சிறுதோட்டக்காரர் கையில் உள்ள கார்பன் நகலோடு தொகையையும் ஒத்துப் பார்த்த பிறகே ட்ரிகரைத் திரும்பப் போடுங்கள்.