ஸ்டாண்டர்டு ஹெரால்டோடு 12 வருடம்

2013-இல் திருச்சியில் ஒரு வீட்டு ஷெட்டிலிருந்து 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 கார் ஒன்றை வாங்கினேன். விலை 1,40,000 ரூபாய். டிங்கரிங், பெயின்ட் என்று அதே அளவு பணம் அடுத்த எட்டு மாதத்தில் போனது. இதுவரை 31,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பார்ட்ஸ் கிடைக்குதா?" கிடைக்கிறது, இங்கிலாந்தில். நம் சென்னைப் பக்கம் பெருங்களத்தூர் தொழிற்சாலையில் போட்ட பாகம்தான் கிடைப்பதில்லை.

இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த ட்ரையம்ப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வந்தது. 1961-இலிருந்து அதையே ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி சென்னையில் தயாரித்தது. இங்கிலாந்தில் சீக்கிரமே பெரிய இன்ஜினுக்குப் போய்விட்டார்கள். நமக்குக் கடைசிவரை 948 சிசிதான். ஹெரால்டின் சேஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் அங்கே ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அது 1980 வரை வந்தது, ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்றும் அங்கே ஏராளம். அதனால் அதோடு ஒத்துப்போகிற சஸ்பென்ஷன் பாகங்களைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். கஸ்டம்ஸ் கட்டினால் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

ஆனால் 1968-இல் வந்த மார்க் 3-க்கு நாலு கதவு. குடும்பத்தோடு போகிற நம் ஊருக்காக இங்கேயே வடிவமைத்தது. ட்ரையம்ப் நாலு கதவு ஹெரால்டு செய்ததே இல்லை. ஆக, பின்கதவு, அதன் கண்ணாடி, பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை), கைப்பிடி எதற்கும் அங்கே கேட்டுப் பயனில்லை. சென்னையில் வண்டிப் பார்ட்ஸ் விற்கிற புதுப்பேட்டையில் நாலு சனிக்கிழமை அலைந்து, மீட்டர் கணக்கில் விற்கிற பீடிங்கில் ஏழு வகை வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். ஒன்று ஓரளவு உட்கார்ந்தது. கதவை மட்டும் அறைந்து சாத்த வேண்டும். விரிசல் விட்ட கண்ணாடிக்கு அட்டையில் அச்சு வெட்டிக் கொடுத்து டஃப்ன் (உறுதியாக்கல்) செய்து வாங்கினேன்.

ஓட்டுவது சுகமா? அறுபது கிலோமீட்டர் வேகம் வரை, ஆமாம். இருபத்தைந்து அடி அகலத்துக்குள் முழு வட்டம் அடித்துத் திரும்பிவிடும்; மயிலாப்பூர் சந்துகளில் ஆட்டோக்காரர்களே நின்று பார்ப்பார்கள். பானட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக் கழற்றலாம். வளைவில் மட்டும் அவசரம் கூடாது. பின் ஆக்சில் இரண்டாகப் பிரிந்து ஆடுகிற வகை. வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஹெரால்டுக்குப் பின்னால் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரில் இதை விட்டுவிட்டு ஒரே துண்டு ஆக்சில் போட்டார்கள்.

ஹெரால்டு வாங்க நினைப்பவர்கள் முன்சக்கரத்து ட்ரன்னியன் விஷயத்தை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிப்பகுதி திருகு மறையோடு ஒரு பித்தளைக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மறைதான் சுழலும். அதற்குள் ஊற்ற வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். பார்த்தால் கிரீஸ் நிப்பிள் மாதிரியே இருக்கும் என்பதால், சர்வீசுக்கு விட்ட ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கன் வைத்து அடித்துவிட்டார்கள். கிரீஸ் மறைக்குள் முழுதாக இறங்காது, உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். இரண்டு வருடம் கழித்துத் தாம்பரத்தில் பார்க்கிங்கிலிருந்து எடுக்கும்போது மளுக்கென்று ஒரு சத்தம். இடது முன்சக்கரம் படுத்துவிட்டது. நல்லவேளை, நடக்கிற வேகம்தான். ஒடிந்த தண்டை இன்னும் மேஜையில் வைத்திருக்கிறேன்: முக்கால்வாசி காவி நிறம், கால்வாசி மட்டும் பளபளவென்று புது முறிவு. அப்புறம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நானே ஆயில் ஊற்றுகிறேன்.

20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்தபிறகு பழைய ரப்பர் ஹோஸ்கள் பிசுபிசுத்துப் போயின. பம்ப் டயாபிரமும் ஊறிவிட்டது. எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றிவிட்டேன், அத்தோடு சரி.

காகித விஷயம்: 50 வருடம் தாண்டிய வண்டியை 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதியலாம். அந்தப் பதிவு பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சிலவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். எனக்கு ஞாயிற்றுக்கிழமை காய்கறிக்கும் வண்டி வேண்டும். அதனால் ஐந்து வருடத்துக்கொருமுறை எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சியைச் சாதாரணமாகவே புதுப்பித்துக்கொள்கிறேன்.

இப்போது பாக்கி இருப்பது இடது பின்கதவு. அடித்தகடு அரித்துவிட்டது, இனி ஒட்டுப்போட இடமில்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் புளியமரத்தடியில் மார்க் 3 ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். இன்ஜின் இல்லை, சீட் இல்லை. கதவு மட்டும் முழுசாக இருந்தது. பத்தாயிரம் தருகிறேன் என்றேன். வீட்டுக்காரப் பெரியவர் தலையை ஆட்டினார்.

"கதவக் கழட்டிட்டா ராத்திரி கோழிய எங்க தம்பி அடைக்கிறது?"

பொங்கலுக்கு மறுபடி போகிறேன். இந்தத் தடவை ஒரு கோழிக்கூண்டையும் ஏற்றிக்கொண்டு.