கீழே கடை, மேலே வீடு: பேட்டைக்கு லண்டன் வழியா, ஹாம்பர்க் வழியா?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மரத்தூண் வைத்த திண்ணை, பின்னால் சரக்கு அறை, மாடியில் குடும்பம். பேட்டை என்றாலே சரக்கு வந்து இறங்கும் இடம்தானே? கடல் இல்லாத ஊருக்கு அதுதான் துறைமுகம். லாரிகள் நெடுஞ்சாலையோரம் ஒதுங்கின, பேட்டை ஓய்ந்துவிட்டது. எல்லாவற்றையும் இடித்துவிட்டு காம்ப்ளெக்ஸ் கட்டலாம் என்ற பேச்சு டீக்கடை வரை வந்துவிட்டது. அதனால்தான், இப்படி ஓய்ந்துபோன இரண்டு துறைமுகங்கள், லண்டனும் ஜெர்மனியின் ஹாம்பர்க்கும், எப்படி எழுந்தன என்று தேடிப் படித்தேன்.

இரண்டையும் சாய்த்தது கன்டெய்னர். பெரிய கப்பலுக்கு ஆழமான தண்ணீரும் அகலமான முற்றமும் வேண்டும். லண்டனில் சரக்கு, ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் டில்பரி துறைமுகத்துக்குப் போனது. ஹாம்பர்க்கில் எல்பே ஆற்றின் தென்கரைக்குப் போனது.

லண்டனில் 1981-ல் அரசு தனிக் கழகம் ஒன்றை அமைத்து, நிலத்தையும் கட்டட அனுமதியையும் அதன் கையில் கொடுத்தது. உள்ளூர் மன்றங்கள் ஓரங்கட்டப்பட்டன. பழைய துறைமுகப் பகுதியான ஐல் ஆஃப் டாக்ஸில் கட்டுபவர்களுக்கு 10 ஆண்டு சொத்து வரி கிடையாது. வேகம் வந்தது உண்மை: 1987-ல் இலகு ரயில், 1991-ல் கேனரி வார்ஃப் அலுவலகக் கோபுரம். அடுத்த ஆண்டே அதைக் கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனம் திவால். பிறகு வங்கிகள் வந்தன. மூட்டை இறக்கியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மேசைகளில் இடம் கிடைப்பது சுலபமாக இல்லை.

ஹாம்பர்க்கில் பழைய துறைமுக நிலத்தில் எழுந்த புதுப் பகுதியான ஹாஃபென்சிட்டி 157 ஹெக்டேர். 2000-ல் பெருந்திட்டம் தயாரானது. நிலம் நகரத்துடையது. அதிக விலை கேட்டவருக்கு என்று இல்லாமல், நல்ல திட்டம் கொண்டுவந்தவருக்கே பெரும்பாலும் மனை. மனையை அவர் பெயருக்கு ஒதுக்கி வைத்து, வரைபடம் முடித்து அனுமதி வாங்கிய பிறகே பணம் வாங்கினார்கள். வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறக் காத்திருக்க வழியில்லை. எனக்குப் பிடித்தது தரைத்தளம்: பல கட்டடங்களில் அதை உயரமான கூரையோடு கட்டி, கடைக்கும் உணவகத்துக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் வைத்தார்கள். மேலே வீடும் அலுவலகமும். வெள்ளம் ஏறும் இடம் என்பதால் கட்டடங்களைக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 8 மீட்டர் உயர மேடையில் நிறுத்தி, பழைய கரையோர நடைபாதையை மட்டும் தண்ணீருக்கு விட்டுக்கொடுத்தார்கள். முதலில் எழுந்த மேற்குப் பகுதி வசதியானவர்களுக்கே என்ற குறை எழுந்தது. பிறகு குறைந்த வாடகை வீடுகளுக்கும் பங்கு ஒதுக்கினார்கள்.

என் மனம் ஹாம்பர்க் பக்கம்தான். ஆனால் அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்க முடியாது. பேட்டையில் ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு பங்காளிகள். ஒரு கையெழுத்துக்கு பெங்களூருக்கும் சேலத்துக்கும் அலைய வேண்டும். நிலம் ஒரே கையில் இல்லாத ஊரில், யாருக்கு விற்பது என்ற கேள்வியே வேறு. தரைத்தள விதிக்கு அந்தத் தடை இல்லை. தெருவைப் பார்த்த கீழ்த்தளம் கடைக்கும் தொழிலுக்கும்தான், பார்க்கிங்குக்கு இல்லை என்று நகராட்சி அனுமதி தரும்போதே எழுதிவிடலாம். திண்ணையை வைத்துப் பழுதுபார்ப்பவருக்கு வரியில் சலுகை தரலாம். லண்டன் கொடுத்த சலுகையேதான், ஆனால் இருக்கிறவருக்கு.

எங்கள் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் இப்போதும் சீசனில் பெங்களூரா மாங்காய் கூடைகள் இரண்டு வரிசை அடுக்குவார்கள். கீழே எடை போடுவார்கள், மேலே பெரியம்மா சமைப்பார். அந்த வீட்டுக்குத்தான் முதலில் இடிக்கும் விலை பேசியிருக்கிறார்கள்.